சட்டை மாற்றிய தட்டுகள்

ஜெபக்கூட்டத்துக்கு நான் பொய்யோடு போனது ஒரே ஒரு முறைதான். அந்தப் பொய்யை ஒரு மஞ்சள் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனேன். பைக்குள் சின்ன இசைத்தட்டுகள் ஏழு. ஏழின் உறையிலும் மண்டை ஓடு, எலும்பு, உடைந்த சிலுவை என்று படங்கள். அவற்றைத் தீயில் போடத்தான் போனேன். எரியப்போவது வெறும் உறைகள்தான் என்பது எனக்கும் என் நண்பர்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரியும்.

எண்பதுகளின் கடைசியில் நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். வீடு பட்டாபிராமில். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். சின்ன வயதிலிருந்து ஞாயிறு ஆராதனை தவறினதில்லை, இன்றைக்கும் தவறுவதில்லை. அப்படிப்பட்டவனுக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று என் வீட்டுக்காரி இப்போதும் கேட்பாள்.

பிடிக்க வைத்தவர் என் நண்பர் பாய். பூந்தமல்லியில் அவருடைய அப்பாவுக்குப் பழைய பிளாஸ்டிக் குடோன். ஹார்பரிலிருந்து மூட்டை மூட்டையாகக் கழிவு வரும். அதை அரவை மிஷினில் போட்டுக் குருணையாக்கி, செருப்பு செய்கிறவர்களுக்கு அனுப்புவார்கள். அந்த மூட்டைகளில் சில நேரம் வெளிநாட்டு இசைத்தட்டுகள் வரும். விற்காமல் நின்றுபோனவை. உறையின் ஒரு மூலையை வெட்டியிருப்பார்கள். அப்பாவின் கண் படாமல் பாய் நல்லதாக நாலு எடுத்து ஒதுக்கிவைப்பார்.

இன்னொருவர் ஆவடியில் டைப்பிஸ்ட். காலை ரயிலில் பழக்கம். எங்கள் மூவரில் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவர் அவர் மட்டும்தான்.

முதல் தட்டை நாங்கள் கேட்டது என் வீட்டில். வெளிநாட்டுத் தட்டின் நடுவே எலுமிச்சம்பழம் நுழைகிற அளவுக்குப் பெரிய துளை இருக்கும். நம் ஊர்த் தட்டில் துளை சின்னது. அதனால் என் பிளேயரில் அது நிற்கவில்லை. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் வீணான அலுமினியத் துண்டு ஒன்றை லேத்தில் கடைந்து, அந்தத் துளைக்குச் சரியாக ஒரு வில்லை செய்துவந்தேன். ஊசியை வைத்தோம். ஒருத்தன் தொண்டை கிழியக் கத்தினான். பின்னால் தகடு வெட்டுகிற பவர் பிரஸ் அடிக்கிற மாதிரி டிரம். ஒன்றரை நிமிடத்தில் பாட்டு முடிந்துவிட்டது.

"இன்னா மாமே, அவன் கைய எவனாவது மிஷின்ல உட்டுட்டானா?" என்றார் பாய்.

டைப்பிஸ்ட் உறையைப் படித்துப் பார்த்தார். "இதுக்குப் பேரு ஹார்ட்கோர் பங்க்காம்."

"பேரு இன்னாவோ இருக்கட்டும் மச்சான். இன்னொரு தபா போடு," என்றார் பாய்.

ஊசியைத் தூக்கி மறுபடி முதலிலிருந்து வைத்தேன். பகல் முழுக்க மிஷின் சத்தத்தில் நிற்கிறவன் நான். அந்தச் சத்தத்துக்குள் நின்று ஒரு மனுஷன் பதில் பேசுவதை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன்.

அதற்கப்புறம் பதினைந்து நாளுக்கு ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்த கையோடு, வீட்டுக்காரி பெண்கள் ஜெபத்துக்குப் போயிருக்கும் நேரத்தில், மூவரும் என் வீட்டில் கூடுவோம். உறையில் இருந்த விலாசத்துக்கு டைப்பிஸ்ட் கடிதம் போட்டார். இரண்டு மாதம் கழித்து எங்கிருந்தோ ஒரு கேசட்டும், கையால் வரைந்து ஜெராக்ஸ் எடுத்த சின்னப் பத்திரிகையும் வந்தன. முகம் தெரியாத பையன்கள் எங்களுக்காகத் தபால் தலை ஒட்டியிருந்தார்கள். நாங்கள் பதிலுக்கு ஒரு கேசட்டில் பட்டாபிராம் ஸ்டேஷன் சத்தத்தைப் பிடித்து அனுப்பினோம். அது அவர்களுக்கு ரொம்பப் பிடித்திருந்ததாம்.

வீடுகளில்தான் தொல்லை. அந்தப் படங்களை யார் வீட்டில் ஒத்துக்கொள்வார்கள்? அதற்கு நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். தட்டை அதன் உறையிலிருந்து எடுத்து வேறு நல்ல உறைக்குள் போட்டுவிடுவோம். பாய் வீட்டில் பழைய சினிமாப் பாட்டு உறை. டைப்பிஸ்ட் வீட்டில் இங்கிலீஷ் பேசக் கற்றுத்தரும் தட்டின் உறை. என் வீட்டில் ஞானப்பாட்டு உறைகள். இதைச் "சட்டை மாத்துறது" என்போம். மண்டை ஓட்டு உறைகளைத் தூக்கிப்போட மனசு வராமல் பரண்மேல் பெட்டியில் ஒளித்துவைத்திருந்தேன்.

என் மாமனார் கிராமச் சபைகளில் உபதேசியாராக இருந்தவர். பாடகர் குழுவில் அடிக்குரல் அவருடையது. அந்தக் குழு ஒரே ஒரு சின்னத் தட்டு வெளியிட்டது. அவர் காலமானபின் மகளுக்கு மிஞ்சிய குரல் அது ஒன்றுதான். அவள் அதைப் போட்டுக் கேட்கமாட்டாள். கேட்டால் தாங்காது என்பாள். உறையோடு எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு ஜெபம் பண்ணிவிட்டு, பீரோவில் புடவைக்கு அடியில் வைப்பாள்.

யாருமே திறக்காத உறை.

ஒரு ஞாயிறு மூவரும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தபோது மச்சினன் திடீரென்று வந்துவிட்டான். என் கையில் தட்டு ஒன்று உறையில்லாமல் இருந்தது. அவசரத்தில் பீரோவைத் திறந்து மாமனார் உறைக்குள் அதைச் செருகினேன். உள்ளே இருந்த தட்டை, கைக்குக் கிடைத்த ஒரு மண்டை ஓட்டு உறையில் போட்டுப் பரணில் ஏற்றினேன். அப்புறம் மாற்றிவிடலாம் என்று இருந்தேன். மாற்றவில்லை. மறந்தே போனேன். எட்டு மாதம் அவள் நெற்றியில் வைத்து ஜெபித்தது எங்கள் தட்டைத்தான். இதை எழுதும்போது இப்போதும் கூசுகிறது.

ஒட்டடை அடிக்கப் பரணில் ஏறியவள் அந்த உறைகளைப் பார்த்துவிட்டாள். சத்தம் போடவில்லை. கீழே இறங்கி வந்து உட்கார்ந்தாள்.

"சனிக்கெழம உபவாச ஜெபம் கீது. அவங்கவங்க விடணும்னு நெனைக்கிறத கொண்ணாந்து தீயில போடப்போறாங்க. நீங்களே உங்க கையால போட்ருங்க. நான் ஒன்னும் கேக்கமாட்டேன்."

சரி என்றேன். அவ்வளவு சீக்கிரம் நான் சரி சொன்னதில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பாயிடம் சொன்னபோது அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "அட, சட்டைய எரிச்சிட்டு ஒடம்ப வச்சிக்கலாம் மாமே! அரவைக்குப் போற ஒடசல் தட்டு ஆறேழு தரேன். உள்ள போட்டு எடுத்துகினு போ."

வெள்ளிக்கிழமை உடைசல் தட்டுகளை உறைகளில் நிரப்பினேன். ஆறு உறை காலியாக இருந்தது. ஏழாவதில் ஏற்கெனவே ஏதோ ஒன்று இருந்தது. அதுவும் உடைசலாகத்தான் இருக்கும் என்று வெளியே எடுத்துப் பார்க்காமலே பையில் வைத்தேன்.

சனிக்கிழமை முதல் ஷிப்ட் முடிந்து ரயில் பிடித்து வந்தேன். எங்கள் சபை அப்போது ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. வாசலில் பாதியாக வெட்டிய தார் டிரம்மில் தீ எரிந்துகொண்டிருந்தது. முறை இதுதான்: வரிசையில் வந்து, பொருளை எல்லாரும் பார்க்க உயர்த்திப் பிடித்து, "இதை விட்டேன்" என்று சொல்லிப் போடவேண்டும். சபையார் "ஸ்தோத்திரம்" என்பார்கள். போட்டபின் டிரம்மை எட்டிப் பார்க்கக் கூடாது. பீடிக்கட்டு, சீட்டுக்கட்டு, தாயத்து என்று விழுந்துகொண்டிருந்தது.

எதிரே டீக்கடை பெஞ்சில் பாயும் டைப்பிஸ்டும். வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். பாய் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

எனக்கு முன்னால் நாலு பேர் இருக்கும்போது வீட்டுக்காரி பக்கத்தில் வந்து நின்றாள். கையில் மாமனாரின் தட்டு உறை.

"அப்பாவையும் கூட்டிகினு வந்துட்டேன்," என்றாள். "அவரு கண்ணு முன்னாடி நீங்க போடணும்னு தோணுச்சி."

அந்த உறைக்குள் இருப்பது எங்கள் தட்டு. அப்படியானால் அவர் தட்டு எங்கே? மச்சினன் வந்த ஞாயிறு நினைவுக்கு வந்தது. பீரோ, பரண், கைக்குக் கிடைத்த உறை. ஏழாவது உறை.

எந்த உறை அது? ஏழும் பையில் கலந்து கிடந்தன. எடுத்துப் பார்க்க முடியாது. பக்கத்திலேயே அவள் நிற்கிறாள். டீக்கடைப் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினேன். பாய் அதைப் பார்த்துவிட்டு, போடு போடு என்று கையைக் காட்டினார்.

"வாங்க தம்பி," என்றார் போதகர்.

பைக்குள் கைவிட்டேன். விரலுக்கு ஒன்று தெரியும்: உடைசல்கள் எல்லாம் வெளிநாட்டுத் தட்டு, பெரிய துளை. மாமனார் தட்டில் துளை சின்னது. முதல் உறையை எடுத்துக் கட்டைவிரலால் நடுவே அழுத்தினேன். காகிதம் குழிந்தது. பெரிய துளை. "இதை விட்டேன்." ஸ்தோத்திரம். இரண்டாவதும் குழிந்தது. மூன்றாவதும் அப்படித்தான். பிளாஸ்டிக் கரிந்து கறுப்புப் புகை கிளம்பியது. தாய்மார்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

நாலாவது உறையை அழுத்தினேன். குழியவில்லை.

உயர்த்திப் பிடித்தபடி நின்றேன். சொல்லிவிட வேண்டியதுதானே? சொன்னால் எல்லாம் வெளியே வரும். ஞானப்பாட்டு உறையில் நான் செய்தது, எட்டு மாதம் அவள் நெற்றியில் வைத்தது, இன்றைக்கு ஆண்டவர் சந்நிதியில் நான் நடிப்பது, எல்லாம்.

"இன்னா தம்பி, நின்னுட்டீங்க? விட்ருங்க. பாரம் எறங்கிரும்," என்றார் போதகர்.

விட்டேன்.

தெரியாமல் விட்டதாக எத்தனையோ நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது உண்மை இல்லை. என் விரலுக்குத் தெரிந்தது. தெரிந்தும் விட்டேன். சபையார் "ஸ்தோத்திரம்" என்றார்கள். அவளுடைய குரல் எல்லாருக்கும் மேலே கேட்டது. அந்தக் குரலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. டிரம்முக்குள் கையை விட்டுவிட்டேன்.

யாரோ அலறினார்கள். போதகர் என் தோளைப் பிடித்து இழுத்தார். உறை எரிந்துகொண்டே வெளியே வந்தது. மண்ணில் போட்டுக் காலால் தேய்த்தேன். தட்டின் ஒரு ஓரம் அப்பளம் மாதிரி மேலே வளைந்திருந்தது. நடுவில் ஒட்டிய தாளில் பாடகர் குழுவின் பெயர் புகையேறித் தெரிந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். படித்தாள். பிறகு தன் கையிலிருந்த உறையைப் பார்த்தாள்.

"அப்போ இதுல இன்னா கீது?"

அவளே உள்ளே கைவிட்டு எடுத்தாள். பெரிய துளை உள்ள தட்டு. அதற்குள் அவள் விரல் நாலும் நுழைந்து நின்றன.

"எங்களுது," என்றேன். "நான்தான் வச்சேன். அவசரத்துல. இந்தப் பையில கீறதெல்லாம் வெறும் ஒடசல்தான். உன்ன ஏமாத்த வந்தேன்."

எதிர்ப்பக்கம் பாய் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். அவள் எங்கள் தட்டையும் தீயில் எறிவாள் என்று நினைத்தேன். எறியவில்லை. என் வேகாத கையில் அதை வைத்தாள்.

"இது உங்க ஆளுங்களுது. குடுத்துருங்க."

வளைந்த தட்டை முந்தானையில் பொதிந்துகொண்டு அவள் நடந்தாள். போதகர் என் கையில் தண்ணீர் ஊற்றினார். "அடுத்தவங்க வாங்க," என்று மட்டும் சொன்னார். பாயும் டைப்பிஸ்டும் ரோட்டைத் தாண்டி வந்து தட்டை வாங்கிக்கொண்டார்கள். "தப்பாயிடுச்சி மாமே," என்றார் பாய். அவர் சிரிக்காமல் பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வீட்டுக்குப் போனபோது அவள் பிளேயரைத் தரையில் இறக்கி வைத்திருந்தாள்.

"போடுங்க."

போட்டேன். வளைந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் ஊசி எகிறியது. முதல் பாட்டு போயே போய்விட்டது. வளைவு தட்டின் ஓரத்தோடு நின்றிருந்ததால், உள்பக்கம் இருந்த இரண்டாவது பாட்டில் ஊசி எகிறாமல் ஓடியது. பாட்டு ஏறி இறங்கித் தள்ளாடியது. அதற்கு அடியில் ஒரு கனத்த குரல். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு முடியும்வரை கேட்டாள்.

முடிந்ததும் என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"உங்களுக்கு எப்போ தெரிஞ்சிது? தீயில போடுறதுக்கு முன்னாடியா, போட்ட பொறவா?"

போட்ட பிறகு என்று சொல்லியிருக்கலாம். வெந்த கையைப் பார்த்து அவளும் நம்பியிருப்பாள்.

"முன்னாடியே," என்றேன்.

தலையை மெல்ல ஆட்டினாள். தட்டை எடுத்துத் தன் பழைய புடவைத் துணியில் சுற்றினாள். "இத இனிமே நீங்க தொடக்கூடாது," என்றாள். என் கைக்கு மருந்து போட்டுவிட்டாள். சோறு போட்டாள். பத்துப் பன்னிரண்டு நாள் ஜெபத்தில் மட்டும்தான் அவள் குரலைக் கேட்டேன்.

அதற்கப்புறம் எங்கள் கூட்டம் பூந்தமல்லி குடோனுக்கு மாறியது. அரவை ஓடாத ஞாயிறுகளில், அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போவேன். எந்த உறையில் எந்தத் தட்டு வந்ததோ அதிலேயே வைத்தோம். அவள் ஒருநாளும் தடுத்ததில்லை. எப்படி இருந்தது என்று கேட்டதும் இல்லை.

மாமனார் தட்டை அவளே எடுப்பாள், அவளே ஊசியை உள்பக்கமாகத் தள்ளி வைப்பாள். வளைந்த இடம் எங்கே முடிகிறது என்பது அவள் கைக்குப் பழகிவிட்டது. அந்த நேரம் நான் கதவோரம் உட்கார்ந்துகொள்வேன். இன்றுவரை அதை நான் தொட்டதில்லை.