பேண்டு வாத்தியாருக்கு ஒரு மேசை

பள்ளிக்கூடத்தில் பேண்டு வாத்தியாராக இருப்பவர் சத்தம் வந்தால் திட்டு வாங்குவார், சத்தம் வராவிட்டால் "இந்த ஆளுக்கு எதுக்குச் சம்பளம்?" என்று பேச்சு வாங்குவார். தையல் டீச்சர்களே, டிராயிங் மாஸ்டர்களே, இது உங்களுக்குத்தான் புரியும்.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். திருவிழாவிலும் சாவு அடக்கத்திலும் டிரம்பெட் ஊதிப் பிழைத்தவன். தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு பள்ளிக்கூடம். அங்கேதான் பிள்ளைகளுக்கு பேண்டு சொல்லிக்கொடுக்கிறேன்.

மேசை

பெற்றோர் வந்து ஒவ்வொரு வாத்தியாராகப் பார்த்துப் பேசுகிற நாளுக்கு எங்கள் பள்ளியில் 'ஓப்பன் ஹவுஸ்' என்று பெயர். எல்லா வாத்தியாருக்கும் மேசை உண்டு. போன வருஷம் எனக்கு மட்டும் இல்லை. வாசலில் பைக்குகளை வரிசையாக நிறுத்தச் சொன்னார்கள். நான் எதையும் லேசில் மறக்கிறவன் இல்லை. என் கல்யாணத்துக்கு வராத பக்கத்து வீட்டுக்காரர்மேல் இன்னும் கோபமாக இருக்கிறேன். அவர் செத்தே போய்விட்டார்.

இந்த வருஷம் தலைமையாசிரியை சிஸ்டரிடம் போய், மேசை போட்டால்தான் பேண்டு என்று சொல்லிவிட்டேன். மேசை தருவதாகச் சொன்னவர், கூடவே இதையும் கேட்டார்: "ஒங்ககிட்ட வந்து பெத்தவங்க என்னத்த கேக்கப் போறாங்க, அண்ணாச்சி?"

நாற்காலி

மேசை கிடைத்தது. மாடிப்படிக்கு அடியில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில். எனக்கு ஒரு நாற்காலி, வருகிறவருக்கு ஒரு நாற்காலி. புதுச் சட்டை போட்டு, டிரம்பெட்டைப் பளபளவென்று துடைத்து மேசைமேல் வைத்தேன். உட்கார்ந்துகூடப் பார்க்கவில்லை, கணக்கு வாத்தியார் ஜெபராஜ் வந்து ஒரு நாற்காலியைத் தூக்கினார். என் மருமகன் வயசுதான் இருக்கும். "எங்கிட்ட கூட்டம் வரும்லா அண்ணாச்சி. ஒங்களுக்கு எதுக்கு ரெண்டு?"

வரவேற்பு

வாசலில் பெற்றோரை வரவேற்கப் புதிதாக ஒரு வேகமான மார்ச் பழக்கியிருந்தேன். அதற்கு முன்னால், கை படியட்டும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு மெதுவான வாசிப்பைச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அது அடக்கத்துக்கு வாசிப்பது. பிள்ளைகளுக்கு அது தெரியாது.

கூட்டத்தைப் பார்த்ததும் டிரம்பெட் ஊதுகிற பிள்ளைகளுக்கு உதடு காய்ந்துவிட்டது. மார்ச் பாதியில் செத்தது. அப்போது பெரிய டிரம் அடிக்கிற மெட்டில்டா, தனக்கு நன்றாக வருகிற அந்த மெதுவான தாளத்தைப் பிடித்தாள். ஒவ்வொருவராக வந்து அதில் சேர்ந்தார்கள்.

பைக்குகள் அணைந்தன. ஆண்கள் செருப்பைக் கழற்றினார்கள். பெண்கள் முக்காடு போட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒரு ஆட்டோக்காரர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி நின்றார். எனக்கு மானம் போய்க்கொண்டிருந்தது. ஆனால் என்ன வாசிப்பு! ஓர் இடத்தில்கூடப் பிசகவில்லை. முகம் எரிய எரிய, நெஞ்சு மட்டும் பெருமையில் புடைத்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் மீன்கூடையோடு நின்ற ஓர் அம்மா மெதுவாக என் கையைத் தொட்டார்: "யாருய்யா போயிட்டா? பெரிய சிஸ்டரா?"

முதல் ஆள்

அதற்குப் பிறகு என் மேசைக்கு யார் வருவார்? கக்கூஸ் எந்தப் பக்கம் என்று கேட்டு வந்தார்கள். டம்ளர் இருக்கிறதா என்று கேட்டு வந்தார்கள். ஜெபராஜ் மேசையில் வரிசை வராந்தாவரைக்கும் நின்றது. அங்கே என் நாற்காலியில் யார் யாரோ உட்கார்ந்து எழுந்தார்கள்.

கடைசியில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் நேராக என்னிடமே வந்தார். மரியாதையாக எழுந்து நின்றேன். "பிள்ளையள் வாசிச்சது நெஞ்ச அறுத்துட்டு அண்ணாச்சி" என்றார். நான் கூச்சத்தில் நெளிந்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "எங்க சித்தப்பாவுக்கு ரொம்ப முடியல. ஞாயித்துக்கெழம பிள்ளையளுக்கு லீவுதான?"

கடைசி ஆள்

மேசையை மடக்கலாம் என்று இருந்தபோது மெட்டில்டாவின் அம்மா வந்தார். எறால் கம்பெனியில் வேலை. அரைநாள் லீவு போட்டு வந்திருந்தார். கண் சிவந்திருந்தது. என் நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு, வீட்டுப்பாடம் எழுதாத பையன்போல எதிரில் நின்றேன்.

"எல்லா மேசையிலயும் ஒரே பேச்சுதான் சார். படிக்க மாட்டேங்கா, கை சும்மா இருக்க மாட்டேங்கு, எந்நேரமும் பெஞ்சத் தட்டுதான்னு சொல்லுதாவ. ஸ்கூல விட்டு நிப்பாட்டிரலாமான்னு இருக்கு. நீங்களும் சொல்லிருங்க."

சார் என்றதும் புதுச் சட்டையின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டேன். "அந்தக் கைதாம்மா இன்னைக்கு எங்க மானத்தக் காப்பாத்துச்சு" என்றேன். "எல்லாப் பிள்ளையளும் பயந்து நின்னப்ப, தாளத்த விடாமப் புடிச்சது ஒங்க மவ ஒருத்திதான். நிப்பாட்டிராதீய. நிப்பாட்டுனா நான் ஒங்க வீட்டு வாசல்ல வந்து ஊதுவேன்."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதல்முறையாகச் சிரித்தார். "அப்ப எங்க வீட்டுச் சட்டியெல்லாம் அவ தட்டி நெளிஞ்சது ஒங்களாலதானா? நல்லா இருங்க சார். நாளைக்கும் அனுப்புதேன்."

இத்தனை வருஷமாக நான் ஊதும்போது ஊரார் செருப்பைக் கழற்றியதெல்லாம் செத்தவர்களுக்காக. எனக்கென்று வந்த மரியாதை இந்த ஒரு 'சார்'தான், அதையும் நின்றுகொண்டுதான் வாங்கினேன், ஏனென்றால் ஜெபராஜ் அந்த நாற்காலியை இன்றுவரை திருப்பித் தரவில்லை.