என் விடைத்தாளுக்கு நானே போட்ட ஓகே

வேலை பார்த்துக்கொண்டே பரீட்சை எழுதுவதும் ஒரு உத்தியோகம்தான். சம்பளத்தை மட்டும் நாம் கட்ட வேண்டும். ஷிஃப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்து, இறங்கி முகம் கழுவிக்கொண்டு, 'எவையேனும் ஐந்து வினாக்களுக்கு விடையளி' என்ற தாளுக்கு முன்னால் போய் உட்காரும் என் இனத்தாருக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், தடையில்லை.

நான் மஞ்சுளா. சொந்த ஊர் சிங்காரப்பேட்டை. ஓசூரில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் இன்ஸ்பெக்‌ஷன் மேசை என்னுடையது. வரும் சரக்கை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் அதற்கான தாளில் 'ஓகே' எழுதி, வட்டம் போட்டு, பக்கத்தில் கையெழுத்து வைப்பேன். டிகிரி இல்லாததால் அந்த மேசையைத் தாண்டி மேலே போக வழியில்லை. டிகிரியோடு வரும் பிள்ளைகளுக்கு நான்தான் வேலை கற்றுக்கொடுப்பேன். கொஞ்ச நாளில் அவர்களிடமே போய் லீவு கேட்டு நிற்பேன். இந்த எரிச்சலில்தான் தபால் வழியில் பி.பி.ஏ. சேர்ந்தேன்.

இரும்பு வைத்த ஷூ

முதல் பரீட்சைக்கு நைட் ஷிஃப்ட்டிலிருந்து நேராகப் போய்விட்டேன். காலில் சேஃப்டி ஷூ, முனையில் இரும்பு வைத்தது. ஹால் வாசலில் ஒரு மேடம் சோதனைக் கருவியால் தலையிலிருந்து தடவிக்கொண்டே வந்தார். கால் வந்ததும் அது வீல் என்று கத்தியது. கழற்றச் சொன்னார். "இதுக்குள்ள பிட் வெச்சா, எடுக்கறதுக்குள்ள பரீட்சையே முடிஞ்சிடும் மேடம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. டிசம்பர் மாத ஓசூர்க் குளிரில், மொசைக் தரையில் வெறும் சாக்ஸோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதினேன். கால் மரத்துப்போனது, கோபம் மட்டும் சூடாகவே இருந்தது.

ஷூவைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டவர் கேட் வாட்ச்மேன். பக்கத்துப் பேரிகை ஊர்க்காரர், வீட்டில் தெலுங்கு. நொண்டிக்கொண்டு வந்த என்னைப் பார்த்துவிட்டு ஷூவை எடுத்து நீட்டியபடி அவர் கேட்டது: "ஏம்மா தல்லி, கம்பெனில ஷூ இல்லன்னா உள்ள உடமாட்டான், இங்க ஷூ இருந்தா உள்ள உடமாட்டான், நீ எங்கதான் போவ?"

அரை மணி நேரம்

பரீட்சை தொடங்கி அரை மணி நேரம் ஆகிவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். இந்த விதியை எழுதியவர் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் பஸ்ஸில் போயிருக்கமாட்டார் என்பது என் எண்ணம். கம்பெனியில் எனக்குப் பக்கத்து மேசை ஷகீலா. பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண், என்னோடு அதே படிப்பு. அந்தத் தடவை செண்டர் கிருஷ்ணகிரியில் விழுந்தது. இரண்டு பேரும் கிளம்பினோம். சூளகிரி தாண்டியதும் ரோட்டின் குறுக்கே ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தது. ஓடி, ஆட்டோ பிடித்து, மூச்சு வாங்கப் போய் நின்றபோது கேட் பூட்டியிருந்தது.

ஷகீலா லேசில் விடுகிற ஆள் இல்லை. அங்கிருந்த வாட்ச்மேனிடம் தெலுங்கில் கெஞ்சினாள். ஆபீஸ் கிளார்க்கிடம் கன்னடத்தில் நியாயம் கேட்டாள். கடைசியில் சீஃப் சூப்பரின்டெண்ட் வெளியே வந்ததும் தமிழில் சண்டைக்கே போய்விட்டாள். "லாரி கவுந்ததுக்கு நாங்க என்ன சார் பண்ணுவோம்?" என்று நானும் பின்பாட்டுப் பாடினேன். அன்று விட்டுப்போன பேப்பர் காஸ்ட் அக்கவுண்டிங். மற்றதெல்லாம் தேறி, எனக்கு டிகிரி வராமல் தொங்கியது அந்த ஒன்றால்தான். சீஃப் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எந்த பாஷைல கேட்டாலும் அரை மணி நேரம் அரை மணி நேரந்தாம்மா."

சாமிகள் வெளியே, நான் உள்ளே

அடுத்த தடவை அதே பேப்பருக்கு ஓசூரிலேயே செண்டர். அதற்குள் கம்பெனியில் எங்கள் செக்‌ஷன் சூப்பர்வைசர் இடம் காலியாகப் போவது உறுதியாகிவிட்டது. "டிகிரிய கைல கொண்டாம்மா, அந்த சீட் உனக்குத்தான்" என்று மேனேஜரே சொல்லியிருந்தார். ஆக, நான் எழுதப் போனது பரீட்சை இல்லை, அந்த நாற்காலி.

இன்விஜிலேட்டர் கண்டிப்பான மனிதர். "பிள்ளையார் சுழி கூடாது. சிலுவை கூடாது. 786 கூடாது. பேரு, கையெழுத்து, அடையாளம் எதுவும் உள்ள இருக்கக் கூடாது" என்று படித்தார். "சாமியெல்லாம் வெளிய வெயிட் பண்ணட்டும் சார்" என்று பின் பெஞ்சிலிருந்து ஷகீலா சொல்ல, ஹாலே சிரித்தது. அன்று நன்றாக எழுதினேன். கணக்கெல்லாம் டேலி ஆனது. நேரம் மீதி இருந்ததால் முதல் பக்கத்திலிருந்து நிதானமாகச் சரிபார்த்துக்கொண்டே வந்தேன்.

தாளை வாங்கியவர் புரட்டினார். நின்றார். மறுபடி முதலிலிருந்து புரட்டினார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'ஓகே', அதைச் சுற்றி வட்டம், பக்கத்தில் என் கையெழுத்து. சத்தியமாகச் சொல்கிறேன், அதை எப்போது போட்டேன் என்று எனக்கே தெரியாது. சரிபார்த்தால் கையெழுத்து வைப்பது இந்தக் கைக்கு ஊறிப்போன வேலை, அது பாட்டுக்குப் போட்டிருக்கிறது. இந்த செண்டரின் சீஃப் வந்தார். திருத்துபவருக்கு ஏதோ சங்கேதம் என்றார்கள். மால்பிராக்டிஸ் என்ற வார்த்தையும் காதில் விழுந்தது. கம்பெனிப் பழக்கம் சார் என்று விளக்கி விளக்கித் தொண்டை காய்ந்ததுதான் மிச்சம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இன்விஜிலேட்டர் சொன்னார்: "உன் பேப்பருக்கு நீயே ஓகே போட்டுக்கிட்டா, நாங்கல்லாம் எதுக்கும்மா இருக்கோம்?"

ஒரு வரிக் கடிதம்

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மூன்று பேராசிரியர்கள். எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள், அந்த மரியாதையே பயமாக இருந்தது. டைப் செய்த கடிதம் ஒன்று தயாராக இருந்தது: 'திருத்துபவருக்கு என்னை அடையாளம் காட்டும் நோக்கத்தோடு வேண்டுமென்றே இக்குறிகளை இட்டேன்.' இதில் கையெழுத்துப் போட்டால் அந்தப் பேப்பர் மட்டும் ரத்து, சீக்கிரமே நடக்கும் சிறப்புத் தேர்வில் திரும்ப எழுதிக்கொள்ளலாம். சூப்பர்வைசர் இடத்தை நிரப்புவதற்குள் டிகிரி கைக்கு வந்துவிடும். போடாவிட்டால் மேல் கமிட்டிக்குப் போகும். அது எப்போது முடியும், என்ன சொல்லும் என்று அவர்களுக்கே தெரியாது.

"நீ யாருன்னு தெரிஞ்சா திருத்தறவர் மனசு மாறலாம் இல்லையா? உன்னைக் காப்பாத்தத்தான் இந்த ரூல்" என்று மூவரில் ஒருவரான மேடம் அன்பாகவே விளக்கினார். அது நியாயம்தான், ஒத்துக்கொண்டேன். "ரூல் சரி மேடம். லெட்டர்தான் தப்பு. நான் வேணும்னு பண்ணல" என்றேன். எல்லாரும் போடுகிற கையெழுத்துதானே, போட்டுவிட்டுப் போ என்றார் இன்னொருவர். அங்கேதான் எனக்கு ஏறியது. அளந்து பார்க்காத ஒரு போல்ட்டுக்குக்கூட நான் கையெழுத்துப் போட்டதில்லை. என்னைப் பற்றிய பொய்க்கா போடுவேன்?

பேனாவை எடுத்தேன். 'திருத்துபவருக்கு' என்பதிலிருந்து 'வேண்டுமென்றே' வரை ஒற்றைக் கோட்டால் அடித்தேன். மேலே 'வேலைப் பழக்கத்தால், என்னை அறியாமல்' என்று எழுதினேன். கம்பெனியில் திருத்தம் செய்தால் எப்படி வைப்போமோ அப்படியே பக்கத்தில் சின்னக் கையெழுத்து வைத்தேன். அடியில் 'ஓகே' எழுதி வட்டமும் போட்டேன். இந்தத் தடவை கை தானாகப் போடவில்லை, நான்தான் போட்டேன். மூவரில் வயதில் பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்: "ஏம்மா, இது எங்க லெட்டரும்மா, உங்க கம்பெனி சரக்கு இல்ல."

நாற்காலி போன கதை

மேல் கமிட்டி ஆடி அசைந்து ஒரு முடிவுக்கு வந்தது: நோக்கம் நிரூபணமாகவில்லை, ஆனாலும் பேப்பர் ரத்து, அடுத்த பரீட்சையில் திரும்ப எழுதலாம். அதற்குள் சிறப்புத் தேர்வும் போனது, சூப்பர்வைசர் இடமும் போனது. கிடைத்தது அருணுக்கு. விருதுநகர்ப் பக்கத்துப் பையன், நான் வேலை கற்றுக்கொடுத்தவன். கேன்டீனில் கை கழுவுகிற இடத்தில் நின்று அழுதேன், அதை மறைப்பானேன். அந்தப் பேப்பரில் பாஸாகிவிட்ட ஷகீலா பக்கத்தில் நின்று, "ஒரு கையெழுத்துதானக்கா, போட்டுத் தொலைச்சிருக்கலாம்ல" என்று திட்டினாள். 

அருண் சூப்பர்வைசரான அந்த வாரமே அவசரச் சரக்கு ஒன்று கிளம்ப வேண்டியிருந்தது. பெங்களூர் போகும் லாரி ஏற்றுமிடத்தில் இன்ஜினை அணைக்காமல் நின்றது, மேனேஜர் போனில் கத்திக்கொண்டிருந்தார். அருண் தாளோடு என் மேசைக்கு வந்தான். இவனும் போட்டுத் தொலை என்று சொல்லப் போகிறான் என்று நினைத்து, "பார்த்துட்டுத்தான் போடுவேன்" என்று எடுத்த எடுப்பிலேயே கடித்தேன். அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்: "தெரியும்க்கா, அதான் லாரிய ஓரங்கட்டச் சொல்லிட்டு வந்தேன்."

அடுத்த மாதம் மறுபடி அதே பேப்பரை எழுதப் போகிறேன், கையை எப்படியாவது கட்டிப்போட்டுக்கொள்வேன், வாய்க்கு மட்டும் நான் யாரிடமும் உத்தரவாதம் கொடுக்கவில்லை.