லஞ்ச் நேரத்தில் எடுத்த டெஸ்ட்

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ ஃபேக்டரியில் நான் சிஸ்டம் அட்மின். சர்வர் படுத்துவிட்டால் பயமாக இருக்காதா என்று புதிதாகச் சேருகிறவர்கள் கேட்பார்கள். படுத்த சர்வரைப் பார்த்து நான் பயந்ததில்லை. ஓடிக்கொண்டே இழுக்கிற சர்வரைப் பார்த்தால்தான் பயம்.

பேக்கிங் லைனில் பெட்டியை ஸ்கேன் செய்ததும் லேபிள் பிரிண்ட் ஆக வேண்டும். அந்த வாரம் பத்து வரை எண்ணினாலும் லேபிள் வரவில்லை. பெட்டிகள் குவிந்தன, சென்னைக்குப் போகிற கன்டெய்னர் வாசலில் நின்றது. லைன் சூப்பர்வைசர் மஞ்சுளா, மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர், எனக்குப் போன் செய்தார்.

"காலைல நல்லாத்தான் ஓடுது சார். பதினோரு மணிக்கு மேல நிக்குது. இன்னான்னு கொஞ்சம் பாருங்க."

பார்த்தேன், லஞ்ச் பெல் அடித்த பிறகு. லைன் ஓடும்போது சர்வரில் கைவைக்கக் கூடாது என்பது நானே போட்ட சட்டம். எல்லோரும் சாப்பிடப் போனதும் டெஸ்ட் ஓட்டினேன். சர்வரின் டிஸ்க்கான எஸ்.எஸ்.டி. பறந்தது. மூன்று நாளும் அதே கதை. ஜி.எம். கேட்டபோது, சர்வர் நன்றாக இருக்கிறது என்றேன். அதோடு நிறுத்தாமல், லைனில் ஸ்கேன் செய்கிறவர்கள்தான் ஸ்லோ போல என்று ஒரு வாலையும் ஒட்டினேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் இன்னொருவரைக் கெடுக்கப் பார்த்தேன்.

நாலாம் நாள் காலை எச்.ஆர். நண்பர் ரகசியமாகச் சொன்னார். லைன் ஸ்லோ என்று மஞ்சுளாவை சனிக்கிழமையோடு வேலையிலிருந்து நிறுத்துகிறார்கள், லெட்டர் டைப் ஆகிவிட்டது. அன்றுதான் முதல் முறையாக லைன் ஓடும்போதே, பதினொன்றரைக்கு, டிஸ்க்கைப் பார்த்தேன். சில மில்லி செகண்டில் முடிய வேண்டிய ஒரு ரைட்டுக்கு, அதாவது ஒரு தகவலை டிஸ்க்கில் எழுத, ஒன்றரை செகண்ட் ஆகிக்கொண்டிருந்தது. ஒரு லேபிளுக்கு இப்படிப் பல ரைட் வேண்டும்.

விஷயம் இதுதான். நான் வாங்கிப் போட்டது வீட்டு பி.சி.க்கான எஸ்.எஸ்.டி. அதில் கேஷ் என்கிற வேகமான தற்காலிக இடம் கொஞ்சம் உண்டு. அது நிரம்பும்வரை பறக்கும், நிரம்பினால் நொண்டும். டேட்டாபேஸ் இருக்கிற அதே டிஸ்க்கில் ஷூக்களைச் செக் செய்யும்போது எடுக்கிற போட்டோக்களையும் நான்தான் கொட்டியிருந்தேன். டிஸ்க்கும் ஏறக்குறைய நிறைந்திருந்தது. லஞ்சில் லைன் நின்றால் டிஸ்க் கேஷைக் காலி செய்துகொள்ளும். நான் போய்ப் பார்க்கும்போது ஒரு கோளாறும் தெரியாது.

யாருக்கும் சொல்லாமல் போட்டோக்களை வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிடலாம். சனிக்கிழமைக்குப் பிறகு மாற்றினால் லைன் சரியாகும், புது சூப்பர்வைசர் கெட்டிக்காரர் என்று பேர் வாங்குவார். இதை அரை மணி நேரம் யோசித்தேன். அப்போது என் பெண் காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள், எனக்கு வேலை போய்விடுமோ என்று பயம்.

கடைசியில் ஜி.எம். ரூமுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"அந்தம்மா டைம் வரைக்கும் கரெக்டா சொல்லிச்சு. நீதான்யா பாக்கலை" என்றார்.

மஞ்சுளாவின் லெட்டர் ரத்தானது. எனக்கு ஒரு மெமோ வந்தது, வாங்கிக்கொண்டேன். போட்டோக்களை மாற்றி, டிஸ்க்கில் இடம் விட்டேன். பிறகு சர்வருக்கென்றே செய்த எஸ்.எஸ்.டி. வந்தது. வேலை நடக்கிற நேரத்தில் டிஸ்க்கைப் பாருங்கள், பார்க்கும் முன் யார் மேலும் கை காட்டாதீர்கள் என்று புதியவர்களிடம் சொல்கிறேன்.

லேபிள்கள் சரியாக வரத் தொடங்கிய அன்று மஞ்சுளா சர்வர் ரூம் வாசலுக்கு வந்தார். லெட்டர் விஷயம் அவருக்குத் தெரியவே தெரியாது.

"ஒரு வாரமா ஒரே பேஜாரு சார். இப்படியே போயிருந்தா என்னைத் தூக்கியிருப்பாங்க. உங்களாலதான் என் வேலை தப்பிச்சுது" என்றார்.

பரவாயில்லம்மா என்று சொல்லிவிட்டேன். அவர் இன்னும் அதே லைனில்தான் இருக்கிறார், எதிரில் பார்த்தால் வணக்கம் சொல்கிறார். அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.