எலிசாள் மறுத்த கொய்னா

ரங்கூன், பினாங்கு என்று நான்கு வருஷம் சுற்றிவிட்டு வந்த எனக்குத் திருவனந்தபுரத்தில், கோட்டைக்குள் இருந்த எங்கள் வீட்டில் கால் தரிக்கவில்லை. போனக்காட்டுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அண்ணன் சேஷன் கம்பவுண்டராக இருந்தான். அங்கே போன இடத்தில்தான் எலிசாளைப் பார்த்தேன்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பதினாறு வயதில் கொழுந்து கிள்ள மலையேறியவள். புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். இரண்டு பெண் குழந்தைகள். அவர்களுடைய ஒற்றை அறை, தோட்டத்துப் பதிவில் அவள் பெயர் இருக்கிறவரைக்கும்தான்.

மலைக்காய்ச்சலுக்குப் பயந்து, காலையில் ஆள் எடுக்கும்போதே கூலியாட்கள் எல்லோர் வாயிலும் கொய்னா என்கிற கசப்பு மருந்தைக் கரைத்து ஊற்றுவார்கள். விழுங்கி, வாயைத் திறந்து காட்டினால்தான் அன்றைய கூலிக்குப் பேர் விழும். அந்த ஐப்பசியில் எலிசாளின் இரண்டு காதிலும் சில்வண்டு கத்துவதுபோல் ஓர் இரைச்சல் தொடங்கியது. அழுக்கு அடைப்பென்று சேஷன் வெந்நீர் பீச்சிப் பார்த்தான். அழுக்கில்லை. இயந்திர இரைச்சலென்றால், அவள் ஆலைக்குள் போனதே கிடையாது. "உள்காய்ச்சல்தான் தலையில நிக்கறது" என்று முடிவுகட்டி, கொய்னாவை இரட்டிப்பாக்கினான். சத்தம் கூடியது. கூப்பிட்டால் கேட்காமலும் போயிற்று.

கப்பலில் கொய்னா தின்றவர்களுக்குக் காது இரைந்ததைச் சொன்னேன். "நீ டாக்டரா?" என்றான்.

கிறிஸ்மஸுக்கு ஊர்போன எலிசாளுக்கு நாலாம் நாள் சத்தம் நின்றது. திரும்பி வந்து கொய்னா குடித்ததும் மறுபடி வந்தது. மறுநாள் அவள் வாயைத் திறக்கவில்லை.

"ஏட்டி, வாயத் தொற. பேர வெட்டிருவேன்" என்றார் கங்காணி ஆறுமுகநயினார்.

"வெட்டும். அதுக்கு முந்தி எனக்கு ஊத்துத அளவ நீரு நாலு நாள் குடியும். காது இரையலேன்னா நானே ரூமக் காலி பண்ணுதேன்."

"கங்காணியாருக்குப் பயம்!" என்றாள் பின்னால் நின்ற தாசம்மாள். சிரிப்பு எழுந்தது. கங்காணி வெடுக்கென்று வாங்கிக் குடித்தார்.

மூன்றாம் நாள் பேர் கூப்பிடும்போது காதைத் தட்டிக்கொண்டே நின்றார். ஒரே பேரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்.

"மூணு தடவ 'இருக்கேன்'னுட்டேன், கங்காணியாரே! இன்னும் எங்க வந்து கத்த?" என்றாள் தாசம்மாள்.

அவர் சேஷனைத் திரும்பிப் பார்த்தார். எலிசாளின் முறை வந்ததும் சேஷன் மருந்துக் குவளையைத் தள்ளி வைத்தான். மருந்து ஊற்றாமலே எலிசாளின் பேரை எழுதினார்கள்.

"கொய்னாவே வேண்டாங்கல. காய்ச்சல் வந்தா நானே கேட்டுக் குடிப்பேன்" என்றாள் அவள். "காது இரையுதுன்னா நிறுத்தணும். அவ்வளவுதான்."

மறுநாள் பதினோரு பெண்கள் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கும் மழைக்காலத்திலிருந்தே காது இரைகிறதாம்.