ஆடியில் பாதி விலை

வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனிக்காரர்கள் சாமான்களை எடைபோட்டுத்தான் காசு வாங்குவார்கள் என்று நான் நம்பியிருந்தேன். அதுவும் ஐம்பத்திரண்டு வயதில், இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்து வேலைக்கு அனுப்பிய பிறகு. செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவனுக்கு லாரி என்றாலே எடைமேடைதான் ஞாபகத்துக்கு வரும். பழத்தோடு ஒரு தடவை நிறுப்பார்கள், இறக்கிவிட்டு ஒரு தடவை நிறுப்பார்கள், வித்தியாசத்துக்குக் காசு. ஆகவே எங்கள் வீட்டை மாற்றிக் கொடுக்கப்போகும் லாரி அக்கா விலை சொல்ல வருகிறார் என்று தெரிந்ததும், ஒரு வாரமாக எங்கள் வீட்டின் எடையைக் குறைத்துக்கொண்டிருந்தேன். பழைய பத்திரிகைகளை எடைக்குப் போட்டேன். அரை மூட்டை அரிசியைச் சோறாகவும் தோசையாகவும் தின்றே தீர்த்தோம். ஐந்தாம் நாள் என் மனைவி ஊறுகாய் ஜாடியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "இதுவும் கனமாத்தான் இருக்கு, சாப்பிட்டு முடிச்சிருங்க" என்றாள்.

லாரி அக்கா சுங்கை ரம்பாய்க்காரர். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர்தான். ஆனால் சொந்தமாக இரண்டு லாரி ஓட்டும் ஒருவரைத் தங்கச்சி என்று கூப்பிடும் துணிச்சல் எனக்கு இல்லை. ஊரே அக்கா என்றது, நானும் அக்கா என்றேன். அவர் என்னை அண்ணே என்றார். சிம்பாங் அம்பாட்டில் நாங்கள் இருந்தது ஃபிளாட்டின் நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வாசலில் நின்று மூச்சு வாங்கியபடி அவர் சொன்ன முதல் வார்த்தை வணக்கம் அல்ல. "அறுபத்தெட்டு" என்றார். படிகளை எண்ணிக்கொண்டே ஏறி வந்திருக்கிறார். நான் தியாகம் செய்து இளைக்கவைத்த சாமான்களை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக லாரி எங்கே நிற்கும் என்று பார்த்தார், கட்டில்களையும் ஃபிரிஜ்ஜையும் சாமி அலமாரியையும் குறித்துக்கொண்டார், ஆயிரத்து எண்ணூறு வெள்ளி கூலி என்றார். நான் மரியாதைக்குச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

என் பதற்றத்துக்கு ஒரு காரணம் உண்டு. நான் வாழ்க்கையில் வீடு மாற்றக் காசு கொடுத்ததே இல்லை. தோட்டத்தில் ஒரு லயத்து வீட்டிலிருந்து இன்னொரு லயத்து வீட்டுக்குப் போனால் ஞாயிற்றுக்கிழமை டிராக்டர் வரும். நாலு பேர் கட்டிலைத் தூக்குவார்கள், எட்டுப் பேர் எப்படித் தூக்க வேண்டும் என்று கத்துவார்கள், பன்னிரண்டு பேருக்கும் கோழிக்கறி போட வேண்டும். அவ்வளவுதான் செலவு. அந்தக் கணக்கிலேயே வளர்ந்தவன், சோபா அடுத்த ஊருக்குப் போவதற்கு என் அரை மாதச் சம்பளம் ஏன் போக வேண்டும் என்று கேட்டேன். லாரி அக்கா பொறுமையாகச் சொன்னார்: "சாமானுக்கு இல்லண்ணே காசு, படிக்குத்தான். எங்க ஆளுங்களுக்கு முட்டி என்ன சும்மாவா வருது?"

உள்ளறையிலிருந்து என் மாமியார் குரல் கொடுத்தார். "முட்டின்னா என்னான்னு அந்தப் பொண்ணுக்காச்சும் தெரியுதே."

நாங்கள் வீடு மாறுவதே அவருடைய முட்டிக்காகத்தான். இரண்டு வருடமாக அவர் கீழே இறங்கவில்லை. கோயில், கல்யாணம், பாசார்ச் சந்தை எல்லாம் எங்கள் வாய்வழியாகத்தான் அவருக்குப் போய்ச் சேரும். பால்கனியில் உட்கார்ந்து கீழே நிற்கும் கார்களைப் பார்ப்பார். அதற்காகவே அடுத்த ஊரான மஸ்ஜித் தானாவில் படியே இல்லாத ஒரு தரை வீட்டை, மனைவியின் நகையை அடகுவைத்து முன்பணம் கட்டி வாங்கியிருந்தோம். சாவி கைக்கு வந்து பத்து நாளாகியிருந்தது. எந்த மடையனும் அந்த வாரமே மாமியாரை அங்கே கொண்டுபோயிருப்பான். நான் மடையன் இல்லையே, புத்திசாலி. பேரம் பேசினேன்.

"ஆடி வரைக்கும் பொறுத்தீங்கன்னா பாதிதான் அண்ணே" என்றார் லாரி அக்கா. "நம்ம ஆளுங்கதான் ஆடியில வீடு மாறமாட்டாங்களே. லாரி சும்மாதான் நிக்கும்லா."

அந்தப் பாதி என் மூளைக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. ஆடியில் குடிபோகக்கூடாது, சரி. ஆனால் ஆனி முடிவதற்குள் ஒரு நல்ல நாளில் காலி வீட்டில் பால் காய்ச்சிவிட்டால் குடிபோனதாகத்தானே அர்த்தம்? சாமான் பிறகு ஆடியில் வந்தால் எந்தச் சாமி கேட்கும்? எத்தனையோ குடும்பங்கள் செய்வதுதான். இந்த யோசனையைச் சொல்லிவிட்டு நான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். அம்மா பால் காய்ச்ச வரவேண்டாமா என்று மனைவி கேட்டாள். மூன்று வாரத்தில் இரண்டு தடவை எதற்கு இறங்க வேண்டும், போனில் காட்டினால் போகிறது என்றேன்.

"பால் பொங்கறத போன்ல பாக்கவா எம் மவ நகைய அடகு வச்சீங்க மாப்பிள்ளை?" என்று மாமியார் கேட்டார்.

பால் காய்ச்சும் நாளில் அவர் படியில் உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கினார். ஒவ்வொரு படிக்கும் ஒரு மூச்சு. மூன்றாம் மாடியில் முகம் வெளுத்துவிட்டது. போதும் அத்தை, திரும்பிவிடலாம் என்றேன். அவர் அடுத்த படிக்கு இறங்கி உட்கார்ந்தார். முன்னால் நான், பின்னால் மனைவி, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கீழே வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, கார் நிறுத்துமிடத்தின் ஓரத்திலிருந்த காய்ந்த புல்லில் காலை வைத்தார். "ரெண்டு வருசமா மேலேருந்தே பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். ஆடிக்குக் காத்திருந்து மிச்சம் பிடிக்கும் அந்தத் தொள்ளாயிரம் வெள்ளியை நினைக்க எனக்கு அப்போதுதான் முதல்முறையாகக் கூசியது.

பால் பொங்கியது. சாயங்காலம், புறப்படலாம் அத்தை என்றேன்.

"எங்க?"

"வீட்டுக்குத்தான்."

"இதுதானே வீடு" என்று பாயை விரித்துவிட்டார். மறுபடி அந்த அறுபத்தெட்டுப் படியை ஏறச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. மனைவியும் தாயோடு தங்கிவிட்டாள். அத்தனை சாமான்களுக்கும் காவல்காரனாக நான் மட்டும் நாலாவது மாடிக்குத் திரும்பினேன். அன்றிலிருந்து வேலை முடியும் நேரத்தில் போன் வரும். மாப்பிள்ளை, வரும்போது தலையணை. மாப்பிள்ளை, குக்கர். மாப்பிள்ளை, அந்தச் சின்ன மேசை. ஒரு நாள் தொலைக்காட்சி, ஒரு நாள் துணி துவைக்கும் மெஷின். மெஷினை ஒவ்வொரு படியாக மார்பில் சாய்த்து இறக்கும்போது லாரி அக்காவின் ஆட்களுடைய முட்டியைப் பற்றி நிறைய யோசித்தேன். பெட்ரோலைப் பற்றி யோசிக்கவில்லை, பயமாக இருந்தது.

லாரி வருவதற்கு முதல்நாள் கிரைண்டரைத் தனியாகத் தூக்கினேன். இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. மறுநாள் லாரி அக்கா உள்ளே வந்தபோது கட்டில்கள், ஃபிரிஜ், சாமி அலமாரி, சோபா, ஒரு சாப்பாட்டு மேசை நாற்காலி, தரையில் மல்லாந்து நான்.

"மத்த சாமானெல்லாம் எங்கண்ணே?"

நானே இறக்கிவிட்டேன் என்றேன். அவர் காலி வீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கொஞ்சம் குறைத்துக்கொள்ளக்கூடாதா என்று படுத்தபடியே கேட்டேன்.

"ஏற்கெனவே பாதியாக்கியாச்சு, இன்னும் எங்க போயி குறைக்கறது?" என்றவர், ஆட்களைப் பார்த்து, "மொதல்ல அண்ணன எடுங்க" என்றார்.

பேசிய தொள்ளாயிரம் வெள்ளியைக் குறையாமல் வாங்கிக்கொண்டார். என்னைத் தூக்கியதற்கென்று தனியாக எதுவும் வாங்கவில்லை. அவருடைய ஆட்கள் இருவர் என்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்துக் கீழே தூக்கிவந்து லாரியின் முன்சீட்டில் ஏற்றினார்கள். மஸ்ஜித் தானாவில் என் மாமியார் வாசல்வரை நடந்து வந்து, கேட்டைத் திறந்துவிட்டார்.