நாலாவது சிப்பி

கடலிலிருந்து இத்தனை மைல் தள்ளி, கண்டி மலைமேல், வீட்டு ஹோலுக்குள் ஒரு துண்டுக் கடலை வளர்க்க வேண்டுமென்றால் கொஞ்சம் கிறுக்கு வேண்டும். எனக்கு அது தாராளமாகவே உண்டு. நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி, வடிகட்டிய தண்ணீரில் நானே உப்புக் கலந்து செய்த கடல்நீர், பாறை, பவளம், ஐந்தாறு மீன்கள். கல்யாணம் பண்ணிக்கொள்ளாத நாற்பத்து மூன்று வயதுப் பெண் நாய் வளர்த்தால் அக்கம்பக்கம் பேசாமல் இருக்கும். கடல் வளர்த்தால் பேசும். பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

தொட்டியில் என் உயிர் இருந்தது நாலு சிப்பிகளில். பண்ணையில் பிறந்தவை என்று சொல்லி, கொழும்பில் ஒரு கடையில் கொடுத்தார்கள். உள்ளங்கை அளவுதான். ஓட்டைப் பார்த்தால் ஒன்றுமில்லை. விளக்கைப் போட்டதும் இரண்டு ஓட்டுக்கும் நடுவிலிருந்து தடித்த உதடு மாதிரி ஒரு சதை வெளியே விரியும். ஒன்று நீலம், ஒன்று பச்சை, மற்ற இரண்டும் தவிட்டு நிறத்தில் மஞ்சள் கோடுகள். பெரும்பாலும் வெளிச்சத்தைத் தின்றே வாழ்கிற பிராணிகள். அவற்றின் மேல் நிழல் விழுந்தால் மட்டும் படக்கென்று மூடிக்கொள்ளும். கொஞ்ச நேரம் கழித்து, ஆபத்து இல்லை என்று தெரிந்ததும் மறுபடி திறக்கும்.

இந்தக் கடைசி விஷயத்தை நான் அக்காவிடம் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

அக்கா என்னைவிடப் பதினொரு வயது மூத்தவள். கலஹா பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவள். அம்மா போன பிறகு என் சப்பாத்து, டியூஷன், பேராதனை பஸ், மத்தியானச் சோறு எல்லாமே அவள் கையால் வந்தவைதான். இன்றைக்கு நான் ஓர் ஆய்வுகூடத்தில் வெள்ளை கோட் போட்டுக்கொண்டு ஊரார் இரத்தத்தைச் சோதித்துப் பார்க்கிறேன் என்றால் அது அவள் முதுகில் ஏறி வந்த இடம். இருபத்திரண்டு வயதில் அவளுக்குக் கல்யாணம் ஆனது. நாலே மாதத்தில் காய்ச்சலில் புருஷன் போய்விட்டார். என்ன காய்ச்சல் என்று யாருக்கும் தெரியவில்லை. யாருக்கும் தெரியாததால் அவள் ராசி என்று முடிவு கட்டினார்கள். அதற்குப் பிறகு லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், யார் வீட்டுப் பசு கன்று போட்டுச் செத்தாலும், காலையில் எதிரே வந்தது யார் என்று கேட்பார்கள். நான் பெரியமனுஷியானபோது எனக்குத் தண்ணீர் ஊற்ற அவளை விடவில்லை. ராத்திரி பகலாக உளுந்து அரைத்து, புட்டு அவித்து, அத்தனை பேருக்கும் பலகாரம் செய்தவள் அவள்தான். தண்ணீர் ஊற்றும்போது குசினி வாசலில் நின்றுகொண்டாள்.

போன வருடம் அவளுக்கு முட்டி தேய்ந்துபோய் மலை ஏற முடியாமல் ஆனதும், சண்டை போட்டு என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அவளுக்கென்று சாமி மூலை ஒன்று வைத்து, புதிதாக ஒரு செப்புச் சொம்பும் வாங்கிக் கொடுத்தேன். அவள் கேட்கவில்லை. கடையில் பளபளவென்று இருந்தது, அதனால் வாங்கினேன்.

வந்த முதல் வாரம், நான் வேலைக்குப் புறப்படும் நேரத்தில், அக்கா தொட்டிக்கு முன்னால் குனிந்து நின்றாள். நாலு சிப்பியும் ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொண்டன. அவள் சட்டென்று விலகி, சுவரோரமாகப் போய்விட்டாள். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"தொட்டியில மட்டும் கை வச்சிறாதக்கா. அது ரொம்ப நுணுக்கமான சாமான்" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டேன்.

இரண்டாவது வாரக் கடைசியில் நீலச் சிப்பி செத்தது. காலையில் உதடு சுருங்கியிருந்தது, சாயங்காலம் வாயைப் பிளந்தபடி கிடந்தது. நிழல் காட்டினேன், அசையவில்லை. உப்பு, சுண்ணாம்பு, காரம், சூடு என்று எல்லாவற்றையும் சோதித்தேன். எல்லாம் சரியாக இருந்தன. என் தொழிலே சோதிப்பது. ஏன் செத்தது என்று சொல்ல முடியாதது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. அக்கா அதன் ஓட்டைக் கழுவி வெயிலில் வைத்தாள்.

மூன்று மாதம் கழித்துப் பச்சை போனது. இன்னும் இரண்டரை மாதத்தில் தவிட்டு நிறத்தில் ஒன்று. மீன்கள் குத்துக்கல்லாட்டம் இருந்தன. கண்ணாடியில் ஊர்ந்து திரிகிற சின்ன நத்தைகளைக் கொஞ்ச நாளாகக் காணோம் என்பதை நான் கவனிக்கவே இல்லை. அதைக் கவனித்திருந்தால் பாதிக் கதை அன்றே முடிந்திருக்கும். அதை விட்டுவிட்டு, டெங்குக்கு ரோட்டில் அடித்த புகையைத் திட்டினேன். அக்காவின் சாம்பிராணிக்குத் தடை போட்டேன். வடிகட்டியை மாற்றினேன். மூன்றாவது செத்த அன்று கையிலிருந்த சோதனைக் குழாயை மேசையில் அடித்து வைத்துக் கத்தினேன்.

"ஆறு மாசத்துக்கு முந்தி இந்த வீட்டுல ஒன்னுமே சாகல! இந்த ஆறு மாசமாத்தான் எல்லாம்!"

நான் மனதில் வைத்துச் சொன்னது, ஆறு மாதத்துக்கு முன் வாங்கிய புதிய உப்பு வாளியை. அக்கா வந்தும் சரியாக ஆறு மாதம். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது, பிறகு மறுபடி நகர்ந்தது. என் வாய்க்குப் பூட்டுப் போட வேண்டும் என்று அவள் சின்ன வயதிலிருந்து சொல்லிவந்தது எவ்வளவு சரி என்று எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் புரிந்தது. அன்று அவளுடைய அறைக் கதவுக்குப் பின்னால் பயணப் பை நிரம்பி நின்றது.

"ஞாயித்துக்கெழம போயிட்டு வர்றேன் பாப்பா. லயத்துக் காம்பரா பூட்டியே கெடக்கு."

"எப்ப வருவ?"

"பாப்பம்."

அந்தப் 'பாப்பம்' எனக்குத் தெரியும். வர மாட்டேன் என்பதற்கு அவள் வைத்திருக்கும் சொல் அது. எவ்வளவு கெஞ்சியும் காரணம் சொல்லவில்லை. கடைசியில், "மிச்சம் இருக்கிற ஒன்னாவது பொழைக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள். அப்படியெல்லாம் இல்லை என்று சொன்னேன். சொல்வதற்கு ஆதாரம் இல்லை. செத்தது ஏன் என்று தெரியாமல், உன்னால் இல்லை என்று எப்படி நம்ப வைப்பது? இதே கேள்வியில்தான் அவளுடைய முப்பது வருடம் போயிருந்தது.

அலவத்துகொடவில் பலசரக்குக் கடைக்குப் பின்னால் என்னைப் போலவே கடல் தொட்டி வைத்திருக்கும் ஒருவர் உண்டு. எங்களுக்குள் பவளத் துண்டு மாற்றிக்கொள்ளும் பழக்கம். அவருக்குப் போன் போட்டேன்.

"மீனெல்லாம் நல்லா ஈக்கி, சிப்பி மட்டும் சாகுதெண்டா, செம்பு ஈக்கான்னு பாத்தீங்களா மிஸ்?"

"செம்பா? வீட்டுக்குள்ள கடல் வச்சிருக்கிறவ அதுக்குள்ள செம்பு போடுவாளா?" என்று கேட்டு, கொஞ்சம் நக்கலாகவே சிரித்தேன். சோதிக்கிற மருந்து தன்னிடம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு கொண்டுவருகிறேன் என்றார். வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை எனக்குக் காய்ச்சல். லீவு சொல்லிவிட்டுப் படுத்திருந்தேன். மற்ற நாட்களில் நான் பஸ்ஸில் இருக்கும் நேரம், ஏழு மணி போல, தண்ணீர் குடிக்க எழுந்து வந்தபோது, அக்கா குளித்து, ஈரத் தலையோடு சாமி மூலையில் நின்றிருந்தாள். முதல் நாளே தண்ணீர் ஊற்றித் துளசி போட்டு வைத்த செப்புச் சொம்பை எடுத்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நேராகத் தொட்டிக்கு வந்தாள். சிப்பியின் மேல் தன் நிழல் விழாதபடி பக்கவாட்டில் நின்று, முகத்தையும் அப்புறம் திருப்பிக்கொண்டு, சொம்புத் தண்ணீரை மெல்லச் சரித்தாள்.

"அக்கா, என்ன செய்யிற?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். "கையி வைக்கல பாப்பா. நீ சொன்னதுக்குப் பொறகு ஒரு நாளும் வைக்கல. சாமி தீர்த்தம்தான். மொத சிப்பி செத்த அன்னையிலேர்ந்து தெனமும் ஊத்துறேன். மத்ததாவது நல்லாருக்கட்டும்னு."

வெள்ளிக்கிழமைதோறும் அந்தச் சொம்பைப் புளி போட்டுத் தேய்ப்பாள். அது தங்கமாக மின்னும்போதெல்லாம் நான் பாராட்டியும் இருக்கிறேன். புளி பட்டுப் பளபளத்த செம்பில் ராத்திரி முழுக்க ஊறிய தண்ணீர், ஒரு நாள் தவறாமல், ஐந்தரை மாதம். மனிதருக்கு அது ஒன்றும் செய்யாது. மீனும் அந்த அளவைத் தாங்கும், சிப்பிக்கும் நத்தைக்கும் அது விஷம். நான் போய்ப் படுத்தேன்.

மூன்று மணிக்கு அலவத்துகொடக்காரர் வந்தார். தொட்டித் தண்ணீரில் மருந்துத் துளி விட்டார், நிறம் மாறியது.

"செம்பு ஈக்கி மிஸ். எங்கால வந்தீக்கும்?" என்று கேட்டார். அக்கா அவருக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்துகொண்டிருந்தாள். "தெரியல" என்று சொல்லிவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், சாமி மூலையையும் பார்த்தார், பிறகு தேத்தண்ணீரைப் புகழ்ந்து குடித்தார். செம்பை உறிஞ்சி எடுக்கும் ஒரு பொட்டலத்தைக் கொடுத்து, பாதித் தண்ணீரை அன்றே மாற்றச் சொல்லிவிட்டுப் போனார். அந்த மனிதரின் நாகரிகத்துக்கு இன்றும் நன்றி சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றும்போது யோசித்தேன். சொம்பை ஏதாவது சாக்குச் சொல்லி எடுத்துவிடலாம். அக்காவுக்கு ஒன்றும் தெரிய வேண்டாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவள் போய்விடுவாள், தன் ராசியால்தான் மூன்று உயிர் போனது என்ற நினைப்போடு. உண்மையைச் சொன்னாலோ, நீ வேண்டிக்கொண்டு ஊற்றிய தண்ணீர்தான் கொன்றது என்று சொல்ல வேண்டும். என் வாழ்நாள் முழுக்க எனக்குக் கொடுத்தே பழகியவளின் கையைப் பிடித்து, இந்தக் கைதான் என்று காட்ட வேண்டும். எனக்கு வாய் நீளம் என்று பேர். அன்று அந்த வாய் ஒரு மணி நேரம் திறக்கவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து சொன்னேன். சொம்பு, புளி, செம்பு, சிப்பி எல்லாவற்றையும் சொன்னேன். அந்தச் சொம்பை வாங்கிக் கொடுத்ததே நான்தான் என்பதை இரண்டு முறை சொன்னேன். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அப்ப சொம்புதானா?" என்றாள்.

"ஆமாக்கா."

"நான் இல்லையா?"

"நீ ஊத்தினதுதான்..."

"அதச் சொல்லல பாப்பா. ஊத்தினது தப்புத்தான், பாவம், வாயில்லாத சீவன். இனிமே ஊத்தாம இருந்தா போச்சு." என் கையை இறுக்கிப் பிடித்தாள். "வேற யாரு ஊத்தியிருந்தாலும் செத்துத்தான் இருக்கும், இல்ல?"

"யாரு ஊத்தியிருந்தாலும்."

சிரித்தாள். சத்தமாக, பல் எல்லாம் தெரிய. நான் சொல்லப் பயந்த விஷயம் அவளுக்கு அப்படியொரு விடுதலையாக இருக்கும் என்று எந்தச் சோதனைக் குழாயும் எனக்குச் சொல்லியிருக்காது. தப்புச் செய்தவளாக இருப்பது அவளுக்கு எவ்வளவோ மேலாக இருந்தது. தப்பைத் திருத்திக்கொள்ளலாம், ராசியை என்ன செய்ய முடியும்?

சிரிப்பு நின்றதும் கேட்டாள். "அப்ப மொத சிப்பி? நான் தீர்த்தம் ஊத்துறதுக்கு முந்தியே செத்துச்சே?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். ஒரு பொய்யும் தயாராக வைத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அதைச் சொல்ல மனம் வரவில்லை.

"தெரியாதுக்கா. எல்லாம் சோதிச்சுப் பாத்தேன். ஏன்னு தெரியல. சிலது அப்படிச் சாகும்."

"தெரியலன்னா?"

"தெரியலன்னா தெரியல. அவ்வளவுதான்."

"ஏன்னு தெரியாததெல்லாம் எந் தலையிலதான் வந்து விழும் பாப்பா. இன்னைக்குத்தான் ஒன்னு விழாம போகுது" என்றாள். நான் அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டேன். படிக்க வைத்ததற்கு அவளுக்கு நான் நன்றி சொன்னதே இல்லை. அன்று சொன்னேன். காய்ச்சலில் உளறுகிறேன் என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பையைப் பிரித்துச் சேலைகளை அலுமாரியில் அடுக்கினோம். சொம்பு சாமி மூலையிலேயே இருக்கிறது, தீர்த்தம் இப்போது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும். தொட்டியில் தண்ணீர் தினமும் கொஞ்சம் ஆவியாகிக் குறையும். வடிகட்டிய தண்ணீரை ஊற்றி நிரப்ப வேண்டும். அந்த வேலையை அக்காவிடம் கொடுத்துவிட்டேன். குளித்துவிட்டு, பிளாஸ்டிக் ஜக்கைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஊற்றுகிறாள். அதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை.

நாலாவது சிப்பி பிழைத்துக்கொண்டது. நிழலைப் பற்றி இப்போது சொல்லிவிட்டேன், என் நிழலைக் காட்டியும் நிரூபித்தேன். அவள் குனிந்தால் அது இன்னும் படக்கென்று மூடிக்கொள்ளத்தான் செய்கிறது. அக்கா விலகிப் போவதில்லை. அது திறக்கும்வரை அங்கேயே நிற்கிறாள்.