நாற்பத்தொன்றாம் கட்டின் கடைசி ஏடு

"டீச்சரம்மா, இது எந்தூரு ஓலை?" என்று சாரம்மாள் கேட்டாள்.

"நேபாளத்துல இருந்து வந்தது அக்கா. இமயமலைப் பக்கம்."

"அங்கன பனை நிக்குதாக்கும்?"

"இல்லையாம். அந்தக் குளிருக்கு வளராதுன்னு துரை சொன்னாரு."

"பொறவு ஓலை எப்படிப் போச்சு? நடந்தா?"

"யாராவது கொண்டு போயிருப்பாங்க."

"எம்புட்டு நாளாச்சு?"

"ஐந்நூறு வருஷம்."

அவள் கையிலிருந்த அளவுக் கயிற்றை மடியில் போட்டுவிட்டுச் சிரித்தாள். "எங்க கூரை ஓலை ரெண்டு மழை தாங்க மாட்டேங்கு. ஐந்நூறாம்லா! தொர உங்கள நல்லா ஏச்சிருக்காரு."

"கடைசி ஏட்டுல வருஷம் போட்டிருக்கு அக்கா. எழுதினவன் பேரும் போட்டிருக்கான்."

சிரிப்பு நின்றது. ஓலையின் விளிம்பை விரலால் ஒருமுறை நீவினாள். "இது நம்ம பனை இல்ல. கூந்தப்பனை. பூத்ததும் மரம் பட்டுப்போவும்லா, அது. வேற என்ன சொல்லுதான் அந்த ஆளு?"

அன்று மேசையிலிருந்த மூன்றாம் கட்டுக்குத் துரை சொல்லச் சொல்ல நான் எழுதியிருந்த சீட்டை எடுத்து, ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிப் படித்தேன். முதுகும் கழுத்தும் நோக, கண் மங்க எழுதினேன், தண்ணீரிலிருந்தும் நெருப்பிலிருந்தும் எலியிடமிருந்தும் இதைக் காப்பாற்றுங்கள் என்று அந்த மனிதர் முடித்திருந்தார்.

"பாவம்" என்றாள். "கும்பிட்டுல்லா கேட்டிருக்கான். உள்ள என்ன கதை?"

"புத்தர் கதை."

"நம்ம சாமி இல்லையே. படிச்சா பாவமாம்மா?"

"எனக்கு இதைப் படிக்கத் தெரியாது அக்கா. சீட்டு எழுதத்தான் வாரேன்."

"அப்பச் சரி. உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இங்கன நாம ரெண்டு பேரும் ஒரே வகுப்பு." கயிற்றை மறுபடி எடுத்தாள். "பைய பிடியுங்க, அளவெடுக்கணும்."

இது 1909ஆம் வருஷம் ஆடி மாதம், பாளையங்கோட்டையில் எல்வுட் துரையின் பங்களாவில் நடந்த பேச்சு. எல்வுட் துரை காட்மாண்டுவில் பல வருஷம் வைத்தியராக இருந்தவர். அங்கே வாங்கிச் சேர்த்த அறுபத்திரண்டு சுவடிக் கட்டுகளுடன் வங்காளத்துக்கு வந்தார். அங்கே ஈரம் ஓலைகளைத் தின்னத் தொடங்கியதால், வறண்ட ஊர் தேடித் தம் தங்கையோடு இங்கே வந்து சேர்ந்தார். எல்லாவற்றுக்கும் ஓர் அட்டவணை தயாரித்து, சுவடிகளைச் சீமையிலுள்ள ஒரு நூல்நிலையத்துக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். அவருக்கு வடமொழி நன்றாகத் தெரியும். காட்மாண்டுப் பக்கத்து மக்கள் பேசும் நேவாரி மொழியில் தாமே சேர்த்த ஒரு சொற்பட்டியல் இருந்தது. கண் பார்வைதான் குறைந்துகொண்டே வந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் நான் போய், அவர் சொல்வதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பேன். அவருடைய தங்கை அதே அறையில் தையல் வேலையோடு உட்கார்ந்திருப்பார்.

ஒரு கட்டுக்கு ஒரு சீட்டு. எத்தனை ஏடு, எவ்வளவு நீளம், பக்கத்துக்கு எத்தனை வரி, தொடக்கம் என்ன, முடிவு என்ன என்று வரிசையாக எழுதுவோம். சீட்டின் கடைசி இரண்டு வரிகளை நிரப்பும்போது மட்டும் துரையின் குரல் தாழ்ந்துவிடும். எழுதியவர் பெயர், எழுதிய வருஷம். அவை கடைசி ஏட்டில்தான் இருக்கும். இரண்டு கட்டுகளில் அந்த இடம் அழிக்கப்பட்டிருந்தது. கோயில்களிலிருந்து திருடி விற்றவர்கள் அடையாளம் தெரியாதிருக்க அப்படிச் செய்வார்கள் என்று துரை வருத்தத்தோடு சொன்னார்.

சாரம்மாளை, சுவடிக் கட்டுகளை வைத்து அனுப்பப் பெட்டி முடையத்தான் கூப்பிட்டார்கள். அவள் பிறந்தது நாசரேத்துக்குக் கிழக்கே, செம்மணல் மேடான தேரிக்காட்டில். அப்பா, அண்ணன், கட்டிக்கொண்டவர் எல்லாரும் பனையேறிகள். கணவர் கொழும்புக்குப் போய் எட்டு வருஷமாகக் கடிதம் இல்லை. முருகன்குறிச்சியில் ஒற்றை அறையில் இருந்துகொண்டு, ஓலைப்பெட்டி முடைந்து தச்சநல்லூர்க் கருப்பட்டிக் கடைகளுக்குக் கொடுத்து வந்தாள். வயது நாற்பத்தைந்து இருக்கும். எழுத்து ஒன்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடுவாள்.

முதல் பத்துப் பெட்டிகளோடு அவள் வந்த அன்று, துரை நாற்பத்தொன்றாம் கட்டின்முன் உட்கார்ந்திருந்தார். புத்தருடைய முற்பிறவிக் கதைகள் அதில் இருந்தன. வடமொழியில் செய்யுள், இடையிடையே நேவாரியில் விளக்கம். கப்பலில் வரும்போது கயிறு அறுந்து, முப்பத்துநான்கு ஏடுகளும் கலைந்துபோயின. ஓரத்தில் எண் எழுதியிருந்த இடங்கள் உதிர்ந்துவிட்டன. விளக்கம் மட்டுமே உள்ள ஏடுகள் பல இருந்ததால், எது எதற்குப் பின்னால் வரும் என்று அவருக்குப் பிடிபடவில்லை. நான்கு மாதமாக அதே மேசையில் அதே ஏடுகள் கிடந்தன.

சாரம்மாள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். "தொர எதைத் தேடுதாரு?" என்று என்னிடம் கேட்டாள். சொன்னேன்.

"அம்புட்டுத்தானா? பூச்சியைக் கேட்டாப் போச்சு" என்றாள்.

ஏதோ கேலி என்று நினைத்தேன். ஆனாலும் துரையிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தம் நாற்காலியை அவளுக்கு விட்டு எழுந்தார். அவள் நாற்காலியைத் தொடவில்லை. தரையில் வெள்ளைத் துணி விரிக்கச் சொல்லி, கையைக் கழுவித் துடைத்துவிட்டு, ஏடுகளை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஒவ்வோர் ஏட்டிலும் இடது பக்கத்தில் கடுகளவு ஓட்டை ஒன்று இருந்தது. அத்தனை நாளும் நாங்கள் சேதம் என்று சீட்டில் எழுதிவந்த ஓட்டை அது.

"பாருங்கம்மா, கட்டி வச்ச கட்டுக்குள்ள பூச்சி பூந்திருக்கு. இந்த ஓலையைத் தின்னுட்டு அடுத்த ஓலைக்குப் போவும். தாண்டிக் குதிக்காது. நேராவும் போவாது, சரிஞ்சுதான் போயிருக்கு. இதுல ஓட்டை ஓரத்துல நிக்குது. இதுல ஒரு நூலு உள்ள தள்ளி. இதுல இன்னும் ஒரு நூலு."

இரண்டு ஏடுகளின் ஓட்டை ஒரே இடத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றியபோது, அவள் ஓலையின் நார் ஓட்டத்தைப் பார்த்தாள். குருத்தின் நடுவில் இருந்ததா, ஓரத்தில் இருந்ததா என்று விரல் நுனியால் தடவிச் சொன்னாள். பெட்டி முடைய வைத்திருந்த ஓர் ஈர்க்கை எடுத்து, அடுக்கிய ஏடுகளின் ஓட்டை வழியே மெல்ல விட்டாள். எங்காவது தடைப்பட்டால் இழுத்துக்கொண்டு மறுபடி அடுக்கினாள். தேவாலய மணி ஆறு அடித்தபோது, ஈர்க்கு சாய்வாக முப்பத்துநான்கு ஏடுகளையும் கடந்து மறுபக்கம் எட்டிப் பார்த்தது.

"இதுதான் மொத ஓலை. இது கடைசி. மேலயும் கீழயும் வச்சுக் கட்டின பலகை உரசின தடம் இருக்கு பாத்தியளா?"

துரை முதல் ஏட்டின் கடைசி வரியை மட்டும் வாசித்தார். பாதியில் நின்ற செய்யுள் அடுத்த ஏட்டின் தலையில் தொடர்ந்தது. அடுத்ததை எடுத்தார். அதுவும் தொடர்ந்தது. ஆறாம் ஏடு முடிந்து ஏழாவதை எடுக்கும்போது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குக் கோயிலில் நிற்பதுபோல் இருந்தது. வடமொழியும் நேவாரியும் தெரியாத, தமிழ்கூட வாசிக்கத் தெரியாத ஒருத்தி, ஒரு புழு போன வழியைப் பிடித்துக்கொண்டு, பல நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மனிதர் எழுதி முடித்த வரிசைக்குள் போய் வந்துவிட்டாள்.

அவளோ, "தொர எதுக்கு அழுதாரு? தப்பா வச்சிட்டேனா?" என்று என் காதருகே கேட்டாள்.

அட்டவணையின் முன்னுரையில் சாரம்மாள் பெயரை அச்சிடுவதாகத் துரை அன்றே சொன்னார். நான் அதைச் சொன்னபோது, "எம்பேரா? எப்படி இருக்கும், எழுதிக் காட்டுங்க" என்றாள். ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினேன். "கோலி மாதிரி உருட்டி உருட்டி வச்சிருக்கிய" என்று சொல்லி, அந்தத் தாளை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு ஏடுகளைத் தூசி தட்டும் வேலையும் அவளிடம் வந்தது. துரை ஒரு நாளைக்கு நான்கு ஏடுகளுக்கு மேல் வாசிக்க முடியாது. முதல் ஏட்டிலிருந்து நிதானமாக வாசித்து வந்தார். கடைசி ஏட்டைப் பற்றிக் கேட்டபோது, வரிசைப்படி வரட்டும் என்று சிரித்தார். ஒன்பதாம் நாள் அதை எடுத்து வெகுநேரம் கண்ணருகே வைத்துப் பார்த்தார். பிறகு மெதுவாக, "எழுது: கடைசி ஏடு வெறுமை. எழுதியவர் பெயரும் வருஷமும் இல்லை" என்றார். எழுதினேன். மேலட்டைபோல வெறும் ஓலை ஒன்றைச் சேர்த்துக் கட்டும் வழக்கம் உண்டு என்று தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அந்த வாரத்திலிருந்து சாரம்மாள் அறைக்குள் வருவதை விட்டுவிட்டாள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து முடைந்தாள். பேச்சும் குறைந்தது. உடம்புக்கு முடியவில்லையோ என்று நினைத்தேன். நாற்பத்தொன்றாம் கட்டுக்கான பெட்டியை மட்டும் மூன்று தடவை பிரித்து முடைந்தாள்.

மார்கழியில் எல்லாப் பெட்டிகளும் தூத்துக்குடிக்குப் போகத் தயாராயின. சீட்டுகளும் கூடவே போவதாக இருந்தது. முந்தின நாள் பிற்பகல் அவள் பள்ளிக்கூட வாசலில் எனக்காகக் காத்து நின்றாள்.

"அந்த ஓலை வெறும் ஓலை இல்லம்மா" என்றாள்.

நடந்ததைச் சொன்னாள். கடைசி ஏட்டில் எழுத்து இருந்தது. ஆனால் மங்கியிருந்ததால் துரையின் கண்ணுக்கு அது அதுவரை தட்டுப்படவே இல்லை. அவள் மாமனார் வீட்டில் ஒரு பழைய ஓலைப் பத்திரம் உண்டு. கோவையிலைச் சாற்றையும் விளக்குக் கரியையும் குழைத்துத் தடவி, ஈரத்துணியால் துடைத்தால் எழுத்து பளிச்சென்று துலங்கும். நம் ஊர் ஓலையில் எழுத்தாணியால் கீறுவதால் கரி கீறலுக்குள் தங்கிவிடும். அந்த நாட்டு ஓலையில் மையால் எழுதியிருந்தார்கள். இது அவளுக்குத் தெரியாது. துரை வாசிக்கும்போது கண்ணைக் கசக்குவதைப் பார்த்தவள், கடைசி ஓலையாவது அவருக்குத் தெளிவாக இருக்கட்டும் என்று, அவர் தூங்கும் மத்தியான நேரத்தில் வேலியில் படர்ந்த கோவையைப் பறித்திருக்கிறாள்.

"கரியோட சேந்து எழுத்தும் துணிக்கு வந்துட்டும்மா. தண்ணி தொட்டுத் தொட்டுத் தொடச்சேன். ஒண்ணும் இல்ல."

இருவரும் துரையிடம் போனோம். நடந்ததை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் நிமிர்ந்து நின்றாள். துரை எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, அவளுக்கு என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்கச் சொன்னார்.

"அஞ்சு வரி. அஞ்சாவது வரி பாதியிலேயே நின்னுது. மூணாவது வரி நடுவுல ஒரு செவப்புப் பொட்டு."

அவர் பழைய சீட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதச் சொன்னார். கடைசி ஏட்டில் ஐந்து வரிகள் இருந்தன, மூன்றாவதில் சிவப்புக் குறி, இப்போது அழிக்கப்பட்டுவிட்டது. அவ்வளவுதான். யார் என்று சொல்ல வேண்டாம், அவள் பெயர் முன்னுரையில் இருப்பது போதும், இருவரும் வீட்டுக்குப் போங்கள் என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். அதை நான் அவளுக்குத் தமிழில் சொன்னேன். அவள் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

பங்களா வாசலில் அவள் நின்றாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, நான் எழுதிக் கொடுத்த அந்தத் தாளை எடுத்தாள். மடிப்பில் நைந்திருந்தது. அதை என் கையில் வைத்தாள்.

"டீச்சரம்மா, அழிச்சது யாருன்னு போடாம விட்டா, படிக்கிறவங்க என்ன நினைப்பாங்க? அந்த ஊர்க்காரந்தான் திருடி வித்துட்டு அழிச்சிட்டான்னு சொல்லமாட்டாங்களா? நீங்கதானே சொன்னிய, முன்னால ரெண்டு கட்டு அப்படின்னு. அன்னைக்கு நீங்க படிச்சுக் காட்டினவன் மாதிரி இவனும் தண்ணிகிட்ட இருந்து காப்பாத்துன்னு கேட்டிருப்பான். காப்பாத்தல. அவன் ஊர்க்காரன் மேல பழியும் போடணுமா? தொர நல்லவரு, எழுதச் சொல்லமாட்டாரு. நீங்கதானே எழுதுதிய. முன்னால எம்பேரை எடுத்துருங்க. அதே கோலி எழுத்துல அந்தக் கடைசி ஓலைக்கிட்ட வச்சிருங்க. பாளையங்கோட்டையில பொட்டி முடையுத சாரம்மா, தெரியாமத் தொடச்சிட்டா, வேற யாரும் இல்லன்னு."